பச்சை எடை

அனுசியா என்ன வேலை பார்க்கிறாள் என்பதில் போடிநாயக்கனூருக்கு இன்றுவரை ஒரு முடிவான கருத்து கிடையாது. பஸ் நிலையத்துப் பக்கம் உடற்பயிற்சிக் கூடம் வைத்திருப்பவர், அவள் புரோட்டீன் மாவு தயாரிக்கிறாள் என்று நம்பி, எந்த மாவு தின்றால் உடம்பு வெரசா ஏறும் என்று இரண்டு முறை ஆள் விட்டுக் கேட்டார். சொந்தபந்தத்தில் பாதிப் பேர் அவளைக் கண் டாக்டர் என்று சொல்லிக்கொண்டார்கள். சவ்வு என்று எங்கோ காதில் விழுந்ததன் விளைவு அது. தம்பி மனைவி பொன்னுமணிதான் உண்மைக்குக் கொஞ்சம் பக்கத்தில் வந்தாள். "எங்க மதினி சோப்புப் போட்டு எதையோ அலசுறாக. என்னத்தன்னு கேட்டா, கண்ணுக்குத் தெரியாதாம்" என்பாள்.

அனுசியா மதுரையில் ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில் முதுநிலை விஞ்ஞானி. வயது ஐம்பத்தெட்டு. துறை, சவ்வுப் புரதம். நம் உடம்பிலோ செடியிலோ உள்ள ஒவ்வொரு உயிரணுவையும் சுற்றி எண்ணெய்ப் படலம் மாதிரி ஒரு சவ்வு இருக்கிறது. உள்ளே போவதும் வெளியே வருவதும் அந்தச் சவ்வில் பதிந்திருக்கும் புரதங்களின் வழியாகத்தான். அந்தப் புரதத்தை உருக்குலையாமல் பிரித்தெடுத்து, படம் பிடித்து, அது எப்படித் திறக்கிறது, எப்படி மூடுகிறது என்று பார்க்க வேண்டும். எண்ணெயை விட்டு வெளியே வந்ததும் அது சுருண்டு, கட்டிதட்டிப் போய்விடும். ஆகவே எண்ணெய்க்குப் பதிலாக ஒரு சோப்பு. எந்தச் சோப்பு, எத்தனை சொட்டு, எவ்வளவு குளிர் என்று கண்டுபிடிப்பதற்குள் ஒரு மனுஷிக்கு ஆயுசு போய்விடும். அனுசியாவுக்குப் போய்க்கொண்டிருந்தது.

போடியில் பிறந்து, போடியிலேயே கல்லூரி முடித்து, மதுரையில் முனைவர் பட்டம் வாங்கி, ஜெர்மனியில் மூன்று வருடம் குளிரில் நடுங்கி, திரும்பி வந்து மதுரையில் வேலைக்குச் சேர்ந்தவள் அவள். கல்யாணம், குழந்தை எல்லாம் காலாகாலத்தில் நடந்தன. அவர்களுக்கு இந்தக் கதையில் இடமில்லை. அப்பா இறந்தபோது, போடிமெட்டுக்கு அந்தப் பக்கச் சரிவில் இருந்த நாலு ஏக்கர் ஏலத்தோட்டத்தில் தன் பங்கு வேண்டாம் என்று தம்பி கன்னையனுக்கு எழுதிக் கொடுத்தாள். ஊர் அவளைப் பெருந்தன்மைக்காரி என்றது. ஏலச்செடியின் மேல் அவளுக்கு ஒரு அக்கறையும் இல்லை என்பதே உண்மை. அவள் ஆராய்ந்தது ஐரோப்பாவில் வயலோரம் முளைக்கிற கடுகுச் சாதிக் களை ஒன்றை. உலகமெல்லாம் அதைத்தான் ஆராய்கிறது, அதனால் அவளும்.

புரதம் கெடாமல் இருக்க ஆய்வகத்தில் ஒரு குளிர் அறை உண்டு. எப்போதும் நான்கு டிகிரி. அதற்குள் ஒரு நாளில் ஐந்தாறு மணி நேரம் நிற்பதால் அனுசியாவிடம் பழுப்பு நிறத்தில் ஒரு ஸ்வெட்டர் இருந்தது. அதைக் கழற்றி வைக்க மறந்து, சித்திரை வெயிலில் ஆரப்பாளையம் பஸ் நிலையத்தில் அவள் நிற்பாள். பக்கத்தில் நிற்பவர்கள் காய்ச்சல்காரி என்று நினைத்து ஓர் அடி தள்ளிக்கொள்வார்கள். மாதம் ஒருமுறை தம்பி வீட்டுக்குப் போகும்போது போடி பஸ் கண்டக்டர் மட்டும், "மெட்டுக் குளிருக்குப் போறீகளா?" என்று இயல்பாகக் கேட்பார்.

கன்னையனுக்கு அக்கா மேல் உயிர். அவள் செய்வது என்ன என்பதை எப்படியாவது புரிந்துகொண்டு விட வேண்டும் என்று அவன் ஆசைப்பட்டான். ஒருமுறை சாப்பிடும்போது கேட்டதற்கு, வீட்டுச் சுவரில் இருக்கிற கதவை மட்டும் உடையாமல் பெயர்த்து எடுக்கிற வேலை என்று அவள் சொன்னாள். அது தண்ணீர் போய்வருகிற கதவு.

"கதவப் பேத்துட்டா வீடு என்னாகும்க்கா?"

"வீடு போயிரும்."

"அப்ப எதுக்குப் பேக்குற?"

கதவு எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க, என்றாள். வீட்டில் இருக்கும்போதே திறந்து மூடிப் பார்த்தால் தெரியாதா என்று அவன் கேட்டான். அது அந்தத் துறையில் பெரிய பெரிய ஆட்கள் முப்பது வருடமாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிற கேள்வி. அனுசியா ரசம் ஊற்றச் சொன்னாள்.

இரண்டு வருடத்துக்கு முந்தைய கோடையில் மலை காய்ந்து கிடந்தது. தை முடிந்து நாலு மாதம் சொட்டு மழை இல்லை. மரநிழலில் ஈரம் குடித்தே வளர்ந்த ஏலச்செடிகள் தோட்டம் தோட்டமாகப் பழுத்துச் சாய்ந்தன. கன்னையன் தினமும் போனில் சாவு எண்ணிச் சொன்னான். அப்படி ஒரு நாள் சொல்லும்போது, பாறைக்குப் பக்கத்தில் ஒரே ஒரு செடித் தூர் மட்டும் வாடாமல் வீம்புக்கு நிற்கிறது என்றான். ஒரே மண், ஒரே வெயில், பக்கத்துத் தூரெல்லாம் வைக்கோலாகி விட்டதாம்.

அனுசியா அந்த வார்த்தையில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இருபத்து மூன்று வருடமாக அவள் தேடுவது வறட்சியில் சரியான நேரத்தில் மூடிக்கொள்ளும் தண்ணீர்க் கதவை. அந்த வாரமே மெட்டுக்குப் போனாள். பத்தொன்பது வருடம் கழித்து அப்பாவின் தோட்டத்துக்குள் கால் வைத்து, கையுறை மாட்டி, இடுக்கியால் ஒரு இளந்தளிரைக் கிள்ளி, சின்னக் குழாயில் போட்டு, பனிப்புகை விடுகிற ஜாடிக்குள் இறக்கினாள். அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்கள் வரப்பில் நின்று பார்த்தார்கள். பிரசவம் பார்க்கிற மாதிரி இருந்தது என்று பிறகு பேசிக்கொண்டார்கள்.

மூன்று மாதத்தில் விடை வந்தது. அந்தத் தூரின் தண்ணீர்க் கதவில் ஓரிடத்தில் ஒரு சிறு மாற்றம் இருந்தது. வேறு எந்தச் செடியிலும் யாரும் எழுதியிராத மாற்றம். ஐரோப்பியக் களையில் கால் நூற்றாண்டு தொலைத்தவளுக்கு, வேண்டாம் என்று எழுதிக் கொடுத்த நிலத்தில் பதில் முளைத்திருந்தது. கன்னையனுக்குக் கண்டிப்பாக உத்தரவு போட்டாள். அந்தத் தூரை யாரும் தொடக் கூடாது, பிரித்து நடக் கூடாது, உரம் மருந்து எதுவும் கூடாது, இருப்பது இருந்தபடி இருக்க வேண்டும். கன்னையன் அதைச் சுற்றி முள்கம்பி போட்டான். அக்கா சொல்லை அவன் என்றைக்கும் தட்டியதில்லை.

முள்கம்பி வருவதற்கு முன்பே ஒரு சேதம் நடந்துவிட்டது. ஆனி மழையில் தூரின் ஓரத்திலிருந்து இரண்டு தட்டைகள், அதாவது நடுவதற்கு ஏற்ற பக்கக் கன்றுகள், காணாமல் போயின. காலடித் தடம் நேராகப் பக்கத்துத் தோட்டத்துச் சீனிச்சாமியிடம் போனது. சீனிச்சாமி அறுபத்தைந்து வயதுக்காரர், கன்னையனின் அப்பாவோடு ஒரே ஜீப்பில் மலையேறியவர். காட்டுப்பன்றி வேலை என்று அவர் சொன்னார். பன்றி மண்வெட்டியால் வெட்டியிருந்தது. அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. ஒரே ஜீப்பில் ஏற நேர்ந்தால் ஒருவர் முன்னால் பார்த்துக்கொண்டு வருவார், மற்றவர் பின்னால் பார்த்துக்கொண்டு வருவார். விஷயம் தெரிந்தபோது அனுசியா, இரண்டு கன்றுதானே, தூர் இருக்கிறதல்லவா என்று தம்பியைச் சமாதானப்படுத்தினாள்.

அப்புறம் இரண்டு வருடம் ஆய்வகத்தில் போனது. செடியின் கதவை ஈஸ்ட்டுக்குள் வைத்து வளர்த்துப் பிரித்தெடுப்பதுதான் வழக்கம். அனுசியாவும் அவளிடம் ஆராய்ச்சி செய்த கார்த்திகாவும் பதினேழு முறை செய்தார்கள். பதினேழு முறையும் கட்டிதட்டியது. எத்தனை சோப்பு மாற்றினாலும் இந்தக் கதவு அந்நிய வீட்டில் நிற்க மாட்டேன் என்றது. கடைசியில் அனுசியா பழைய முறைக்குப் போக முடிவு செய்தாள். செடியின் வேரிலிருந்தே எடுத்துவிடுவது. பெங்களூரில் ஒரு பெரிய மைக்ராஸ்கோப்பில் படம் பிடிக்க ஒன்பது மாதம் காத்திருந்து ஒரு தேதி வாங்கியாயிற்று. இந்த வருடம் மாசியில் ஒரு திங்கட்கிழமை. தவறினால் அடுத்த தேதி வருவதற்குள் அவள் ஓய்வு பெற்றுவிடுவாள். அந்தத் திங்கட்கிழமைக்கு முன்னால் அந்த ஒரு தூரின் உயிருள்ள வேர் அவள் கைக்கு வந்தாக வேண்டும்.

தானே மெட்டுக்குப் போய் எடுத்து வருவதாக இருந்தாள். அதற்குள் துறையின் தரத்தைப் பார்க்க வெளியூர்க் குழு ஒன்று வருவதாகத் தாக்கீது வந்தது. முதுநிலை விஞ்ஞானிகள் எல்லாரும் மூன்று நாள் இடத்தில் இருந்து, தாங்கள் இடைவிடாமல் ஆராய்ச்சி செய்வதைக் காட்ட வேண்டும். அதற்காக ஆராய்ச்சியை நிறுத்திவிட்டு எல்லாரும் அலமாரி துடைத்தார்கள். அனுசியா தம்பிக்குப் போன் போட்டு, தாளில் எழுதி வைத்திருந்ததை ஒவ்வொன்றாகப் படித்தாள். பாறைப் பக்கத்துத் தூர். இளம் வேர். அரை கிலோ. ஈரத்துணியில் சுற்றி, ஐஸ் போட்டு, செவ்வாய்க்கிழமை காலை முதல் பஸ்ஸில். ஒவ்வொன்றுக்கும் கன்னையன் "சரிக்கா" என்றான். திருப்பியும் சொல்லிக் காட்டினான்.

செவ்வாய்க்கிழமை கார்த்திகா ஐஸ் பெட்டியோடு ஆரப்பாளையத்தில் போய் நின்றாள். பஸ் சொன்ன நேரத்துக்கு வந்தது. கண்டக்டர் கொடுத்தது ஒரு வெள்ளைத் துணிப்பை. வாய் நேர்த்தியாகத் தைக்கப்பட்டு, மேலே அனுசியாவின் பெயர் மையால் எழுதப்பட்டிருந்தது. எடை குறைவாக, தொட்டால் மொரமொரப்பாக இருந்தது. புகை மணமும் ஏலமணமும் கலந்து வந்தது. ஆய்வகத்தில் பிரித்தபோது உள்ளே வெட்டிவேர் மாதிரி பழுப்பாக, மண் துகள் கூட இல்லாமல், ஒரு சொட்டு ஈரமும் இல்லாமல் வேர் இருந்தது. தராசில் வைத்தாள். சரியாக அரை கிலோ. கார்த்திகா நான்கு வருட ஆராய்ச்சி மாணவி. அந்தப் பையைப் பார்த்துக்கொண்டே அழுதாள்.

அனுசியா ஒரு வேரை ஒடித்துப் பார்த்தாள். காய்ந்த வேரில் கதவும் இல்லை, வீடும் இல்லை. அந்த நேரம் பார்த்துக் குழு உள்ளே நுழைந்தது. தலைவர் மூக்கை உறிஞ்சினார், இது என்ன வாசனை என்றார், ஒரு கொத்து வேரைக் கையில் எடுத்து முகர்ந்து கண்ணை மூடினார். மலைப்பகுதி மக்களின் மரபறிவை நவீன அறிவியலோடு இணைக்கும் பாராட்டத்தக்க முயற்சி என்று அவர் குறிப்பேட்டில் எழுதினார். முப்பது வருடத்தில் அந்த ஆய்வகத்துக்குக் கிடைத்த முதல் எழுத்துப்பூர்வமான பாராட்டு அது. குளிர் அறையை அவர்கள் எட்டிப் பார்க்கவே இல்லை, உள்ளே குளிரும் என்றார்கள்.

மறுநாள், தனக்கு உடம்பு சரியில்லை என்று குழுவுக்குச் சொல்லியனுப்பிவிட்டு அனுசியா விடிகாலையில் போடியில் இருந்தாள். மடியில் ஐஸ் பெட்டி. தோட்ட வேலைக்குப் போகிற பெண்களோடு நெருக்கியடித்து ஜீப்பில் ஏறினாள். பதினேழு கொண்டை ஊசி வளைவிலும் தம்பியை என்னவெல்லாம் திட்ட வேண்டும் என்று வரிசைப்படுத்திக்கொண்டே போனாள். அவள் அவனைத் திட்டியதே இல்லை, அதனால் வரிசை சரியாக அமையவில்லை. வேர் காய்ந்தது போகட்டும், தூர் இருக்கும், புதிதாக எடுத்துக்கொள்ளலாம் என்ற ஒரு நினைப்பு மட்டும் அவளைத் தாங்கிப் பிடித்திருந்தது.

பாறைப் பக்கத்தில் முள்கம்பி இருந்தது. அதற்குள் ஒரு குழி இருந்தது.

கன்னையன் சிரித்த முகத்தோடு வந்தான். "சரக்கு வந்து சேந்துச்சாக்கா? எடை சரியா இருந்துச்சா?"

அவள் குழியையே பார்த்துக்கொண்டு, தூர் எங்கே என்றாள். அவன் விளக்கினான். சனிக்கிழமையே தோண்டிவிட்டார்கள். அரை கிலோ என்றால் சும்மாவா? ஐந்து கிலோ பச்சைக்கு ஒரு கிலோ காய்ந்தது தேறும், அது ஏலக்காய்க்கு. வேர் இன்னும் தண்ணிப்பாடு, நாலு கிலோவாவது வேண்டியிருந்தது. ஓரத்து வேர் பற்றாமல் மொத்தத் தூரையும் எடுத்தும் எடை போதவில்லை. அடிக்கிழங்கையும் சீவிப் போட்டார்கள். மேலே இருந்த தண்டையும் இலையையும் அன்றைக்கே மாட்டுக்குப் போட்டாயிற்று. பிறகு ஸ்டோரில், அதுதான் ஏலக்காய் உலர்த்துகிற அடுப்புக் கட்டடத்தில், ராக்கையா முப்பது மணி நேரம் கூடவே இருந்து காய வைத்தார். ராக்கையா நாற்பது வருடமாக அடுப்புப் பார்ப்பவர். சூடு ஐம்பது டிகிரியைத் தாண்டாமல், ஐம்பதுக்குக் குறையாமல் பார்த்துக்கொண்டார்.

"ஐஸ் போட்டு ஈரமா அனுப்பச் சொன்னேனேடா."

"சொன்னக்கா. ஒனக்கு இந்தச் சரக்குப் பழக்கமில்ல. பச்சையா கட்டி அனுப்புனா தேனி தாண்டுறதுக்குள்ள பூசணம் புடிச்சுப் போகும். இந்த ஸ்டோர்லருந்து பச்சச் சரக்கு கீழ எறங்குனதே இல்ல. அப்பா காலத்துலயும் இல்ல. ஒனக்கா அப்பிடி அனுப்புவேன்?"

திட்டுவதற்கு எடுத்து வைத்திருந்த வார்த்தைகள் எங்கேயோ போய்விட்டன. செடியைப் பிடுங்கினால் அது சாகும் என்று தெரியாதா என்று மட்டும் கேட்டாள். தெரியும், வேர் கேட்டால் செடி சாகத்தான் செய்யும், அக்கா தெரியாமலா கேட்டிருப்பாள், ஆராய்ச்சி முடிந்துவிட்டது போல என்று நினைத்தேன் என்றான். அப்போதுதான் அவள் முகத்தைச் சரியாகப் பார்த்தான். அவள் மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக, தனக்கு வேண்டியிருந்தது உயிருள்ள வேர் என்றும், காய்ந்ததில் ஒன்றுமே மிஞ்சாது என்றும் சொன்னாள். கன்னையன் அப்படியே குழியின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டான். ஐம்பத்து நாலு வயது மனிதன் கையை மடியில் வைத்துக்கொண்டு, "இத நாஞ் செஞ்சுட்டனே" என்று மண்ணைப் பார்த்துச் சொன்னான். அனுசியா ஐஸ் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

இருவருக்கும் ஒரே சமயத்தில் அந்தக் காட்டுப்பன்றி ஞாபகம் வந்தது. இருவரும் ஒரே திசையில் திரும்பிப் பார்த்தார்கள்.

வேலிக்கு அந்தப் பக்கம் போக மாட்டேன் என்று கன்னையன் நின்றுவிட்டான். அனுசியா மட்டும் போனாள். சீனிச்சாமி தன் கொட்டகை வாசலில் உட்கார்ந்து கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் நாலு முழம் தள்ளி அந்தத் தூர் நின்றது. இலை ஒடுங்கி, தட்டையின் அடியில் இளஞ்சிவப்பு ஓடி, தாயைப் போலவே இருந்தது. இரண்டு வருடத்தில் நன்றாகத் திரண்டிருந்தது. கண்ணேறு படாமல் இருக்க அதற்குக் கறுப்புக் கயிறு வேறு கட்டியிருந்தார்.

அனுசியா விஷயத்தைச் சொன்னாள். சீனிச்சாமி நிதானமாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, அவர்கள் தூர் எதுவும் தன்னிடம் இல்லை, இங்கே இருப்பதெல்லாம் நாற்றங்காலில் பணம் கொடுத்து வாங்கியது, வேண்டுமானால் போய் விசாரித்துக்கொள்ளலாம் என்றார். சொல்லும்போது உடம்பைக் கொஞ்சம் நகர்த்தி அந்தத் தூரை மறைத்துக்கொண்டார். இருக்கிறது என்று சொன்னால் பன்றி யார் என்று தெரிந்துபோகும். அது அவருடைய கஷ்டம். அனுசியாவின் கஷ்டம் வேறு. ஆராய்ச்சிக்கு எடுத்த செடி எங்கே கிடைத்தது, யாருடையது என்று உண்மையாக எழுதாத ஆய்வேடு குப்பைக்குச் சமம் என்று முப்பது வருடம் மாணவர்களைப் படுத்தியவள் அவள்.

வேலிக்குத் திரும்பி வந்தாள். சீனிச்சாமி தர வேண்டுமானால் அது அவருடைய செடி என்று நாம் ஒத்துக்கொள்ள வேண்டும், ஏட்டிலும் பிறகு அச்சிலும் அப்படித்தான் வரும் என்று தம்பியிடம் சொன்னாள். கன்னையன் முள்கம்பியில் சிக்கியிருந்த ஒரு சருகை எடுத்துக் கசக்கினான். "போட்டுக்கக்கா. பன்னி பேரப் போட்டாலும் எனக்குச் சம்மதந்தான். ஒனக்கு வேரு கெடைக்கணும்."

அனுசியா மறுபடியும் போனாள். "அண்ணே, அந்தக் கயிறு கட்டுன தூரு ஒங்க ரகந்தான். எனக்கு அதுல கொஞ்சம் வேரு வேணும். ஏட்டுல ஒங்க பேரத்தான் எழுதுவேன்" என்றாள். சீனிச்சாமி அவளை ஏற இறங்கப் பார்த்தார். முழுப்பேரும் வருமா என்று கேட்டார். வரும் என்றாள். தகப்பனார் பேரோடா என்றார். அதுவும் வரும் என்றாள். அவர் எழுந்து மண்வெட்டியை எடுத்தார்.

"எம்புட்டு வேணும்?"

"அரை கிலோ."

மண்ணில் இறங்கவிருந்த மண்வெட்டி அப்படியே நின்றது. "பச்ச எடையா, காஞ்ச எடையா ஆத்தா?"

பின்னால் வேலியோரம் கன்னையன் காதிலும் அது விழுந்திருக்கும். காய்ந்த எடைதான் இந்த மலையில் எடை, அரை கிலோ என்று சொன்னால் அதற்கு வேறு அர்த்தமே கிடையாது என்பது அவளுக்குத் தெரியாததல்ல. அந்த எடையில்தான் அவள் சோறு தின்றாள், பள்ளிக்கூடம் போனாள். அலகு போடாமல் எண் எழுதிய மாணவர்களின் தாளை அவள் சிவப்பு மையில் குறுக்கே கோடிட்டுத் திருப்பிக் கொடுப்பாள். ஆறு வரி எழுதிப் படித்துக் காட்டிய தாளில் அந்த ஒரு சொல்லை அவள் எழுதவில்லை. இரண்டு வருடம் காத்த தூரைக் கொன்றது எழுதாமல் விட்ட அந்தச் சொல்தான். வெட்கம் அவளுக்குக் காது வரை சுட்டது.

"பச்ச எடைண்ணே" என்றாள்.

"அப்பச் சரி. காஞ்ச எடைன்னா தூரே போயிரும், அதான் கேட்டேன்." சீனிச்சாமி ஒரு பக்கமாக மண்ணை விலக்கி, நுனி வேர்களை மட்டும் பதமாக அறுத்துக் கொடுத்துவிட்டு, மண்ணை மூடிக் காலால் மிதித்து, கொட்டகைக்குள் இருந்து ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார். திருடினாலும் அவருக்கு அந்தச் செடி மேல் உண்மையான அக்கறை இருந்தது.

இறங்குகிற ஜீப்பில் கன்னையனும் கூட வந்தான். பெட்டியைத் தான் வைத்துக்கொள்வதாக வாங்கிக்கொண்டு, ஒவ்வொரு வளைவிலும் அது ஆடாமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டான். தப்பு என்னுடையதுதான், எடையை நான் சரியாகச் சொல்லவில்லை என்று அனுசியா சொன்னாள். முப்பது வருட உத்தியோகத்தில் அவள் யாரிடமும் இப்படி ஒத்துக்கொண்டதில்லை. கன்னையன் அவளைத் தேற்றினான்.

"நீ படிச்சவக்கா. ஒனக்கெப்படித் தெரியும்?"



வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் அனுசியாவும் கார்த்திகாவும் மாற்றி மாற்றிக் குளிர் அறையில் நின்றார்கள். பதினெட்டாவது முறை கதவு நின்றது. கட்டிதட்டவில்லை, சுருளவில்லை. எந்தச் சோப்பில் என்றால், பதினேழு வருடத்துக்கு முன்னால் ஜெர்மனிக்காரர்கள் உதவாது என்று எழுதி ஒதுக்கிய ஒரு மலிவான சோப்பில். ஏட்டில், மூலம் என்ற இடத்தில், சீனிச்சாமி, தகப்பனார் பெயர், தோட்டத்தின் பெயர் எல்லாம் தன் கையாலேயே எழுதினாள். திங்கட்கிழமை பெங்களூரில் படம் பிடித்தார்கள். அதைக் கணினியில் கூட்டிச் சேர்த்து உருவமாக்கச் சித்திரை வந்துவிட்டது.

கட்டுரை எழுதும்போது தம்பியின் பெயரை நன்றி சொல்கிற இடத்திலாவது போட நினைத்தாள். போனில் கேட்டதற்கு, "என்னத்துக்கு நன்றி, புடுங்குனதுக்கா?" என்று மறுத்துவிட்டான். சீனிச்சாமி அதற்குள் அந்தத் தூருக்குத் தன் பெயரையே வைத்து, பல்கலைக்கழகமே ஒத்துக்கொண்ட ரகம் என்று சுற்றுவட்டாரத்துக்குத் தட்டை கொடுக்க ஆரம்பித்திருந்தார். கன்னையனும் இரண்டு வாங்கி நட்டிருந்தான். பொன்னுமணியை அனுப்பித்தான் வாங்கினான். அவர்களுக்குள் இன்னும் பேச்சு இல்லை.

சித்திரைக் கடைசியில் அனுசியா போடிக்குப் போனபோது படத்தைத் தாளில் அச்சடித்து எடுத்துப் போனாள். ஸ்வெட்டர் போட்டிருந்தாள். கன்னையன் கையைத் துடைத்துக்கொண்டு தாளை வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தான். நான்கு குழல்கள் சேர்ந்து நிற்கிற மாதிரி நீலமும் மஞ்சளுமாக இருந்தது.

"இதுதானாக்கா அந்தக் கதவு?"

"ஆமா."

"தெறந்திருக்கா, மூடியிருக்கா?"

மூடியிருக்கிறது என்றாள். வேரைச் சுற்றி ஈரம் குறைந்தால், உள்ளே இருக்கிற தண்ணீர் போய்விடாமல் அது தன்னை மூடிக்கொள்ளும். மற்றச் செடிகளில் பாதிதான் மூடும், இதில் முழுதாக மூடுகிறது, அதனால்தான் அந்தக் கோடையில் அது பிழைத்தது என்று விரலால் இடத்தைக் காட்டினாள். கன்னையன் அவள் விரல் வைத்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப நாங்க காய வச்சப்பவும் இப்பிடித்தான் மூடிக்கிட்டு இருந்திருக்கும்" என்றான்.

இத்தனை வருடத்தில் எத்தனையோ மாணவர்களுக்கும், குழுக்களுக்கும், வெளிநாட்டு அரங்குகளில் கை தட்டியவர்களுக்கும் அவள் இந்தக் கதவைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள். அந்தக் கதவின் பக்கம் நின்று பார்த்தவர் ஒருவரும் இல்லை. பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். தம்பியிடம் அந்த வழக்கம் அவளுக்கு இல்லை.

"ஆமா. நாப்பது டிகிரி வரைக்கும் தாங்கியிருக்கும்."

கன்னையன் தாளை மடிக்காமல், ஓரம் கசங்காமல் அவளிடமே திருப்பிக் கொடுத்தான்.

"ராக்கையா அம்பதுல வச்சாரு" என்றான்.